லேசர் லைட் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருவிழாக் கடையில் பலூனுக்கும் பீப்பிக்கும் நடுவே தொங்குமே, அந்த லேசர் லைட்டைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒளியின் பவர் 5 மில்லிவாட்டுக்குக் கீழே என்று போட்டிருப்பார்கள். அதை நம்புவதுதான் முதல் தவறு. அளவுகளுக்கும் தரத்துக்குமான அமெரிக்க அரசு நிறுவனமான நிஸ்ட், பாயின்டர் எனப்படும் இந்த லைட்டுகளில் 122-ஐ அளந்து 2013-இல் முடிவைச் சொன்னது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் விதிமுறைப்படி இல்லை. காசு கொடுத்து வாங்கும் பொருள் சொன்னதைவிடக் கூடுதலாகத் தருவது அபூர்வம். இதில் மட்டும் அப்படி நடக்கிறது, வினையாக.

லேசர்களை ஆபத்தைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. கண்ணில் பட்டாலும் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தப்பிவிடலாம். 5 வரை 3ஆர் என்ற வகுப்பு. அதற்கு மேல் 500 வரை 3பி. இங்கே இமை மூடுவதற்குள்ளேயே விழித்திரை வெந்துவிடலாம். 500-ஐத் தாண்டினால் நான்காம் வகுப்பு, சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுகூட ஆபத்து. தீக்குச்சி பற்றுகிறது, பலூன் வெடிக்கிறது என்று வீடியோவில் காட்டி விற்கிறார்களே, 5 மில்லிவாட்டில் அதெல்லாம் நடக்காது.

அடுத்தது, வெளிச்சத்தை வைத்துப் பவரை எடைபோடுவது. ஒரே பவரில் பச்சை, அடர்சிவப்பைவிட ஏழெட்டு மடங்கு பளிச்சென்று தெரியும். நம் கண் பச்சைக்கு அவ்வளவு கூர்மை. ஊதா லேசரோ மங்கலாகத்தான் தெரியும். 'இது டல்லா இருக்கு, ஒண்ணும் ஆகாது' என்று பிள்ளையிடம் கொடுப்பவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

பச்சையிலும் ஒரு சூது இருக்கிறது. நட்சத்திரம் காட்டுவதற்காக நான் வாங்கிய லேசர், கொடைக்கானலில் ஒரு டிசம்பர் இரவில் மங்கிப்போனது. கூட வந்த பையன் "பேட்டரி போச்சு அங்கிள்" என்று வாங்கி, முனையைத் தன் பக்கம் திருப்பி எட்டிப் பார்க்கப் போனான். சட்டென்று கையைத் தட்டிவிட்டேன். பேட்டரியில் கோளாறு இல்லை, குளிர்தான் காரணம். இந்த வகைப் பாயின்டருக்குள் முதலில் பிறப்பது 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதை ஒரு படிகம் 1064 ஆக்கும். இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532, அதாவது பச்சை ஆக்கும். குளிரில் இந்த மாற்றம் சரியாக நடக்காது. பச்சை குறையும், உள்ளே இருக்கும் அகச்சிவப்பு குறைய வேண்டும் என்பதில்லை. மலிவான சரக்கில் அதைத் தடுக்கும் வடிகட்டியைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். 2010-இல் நிஸ்ட் சோதித்த 15 டாலர் பாயின்டர் ஒன்று மங்கலான பச்சையோடு சுமார் 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் கக்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை எப்படி மூடும்?

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டால் போதும் என்பதும் தவறு. அந்தந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடிதான் காக்கும். கண்ணாடிப் பீரோ, பைக் மிரர், எவர்சில்வர் குடம் பக்கம் அடித்தால் கதிர் அப்படியே திரும்பி வரும். வானத்தில் விமானத்தைக் குறிவைப்பதை விளையாட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். தூரம் போகப் போகக் கதிர் விரியும்; விமானி அறையின் கண்ணாடி முழுக்க ஒளி பரவி, இறங்கும் நேரத்தில் ஓடுபாதை தெரியாமல் போகும். சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 2025-இல் செய்திகள் வந்தன. அமெரிக்காவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை.

கண்ணில் பட்டுவிட்டால் 'வலிக்கலையே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவர்க் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் ஒரு தேதி காணாமல் போனாலோ அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். காலண்டர் சரியாகத் தெரிந்தாலும், பட்டது உண்மை என்றால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

அப்புறம், என் பச்சை லேசர் இப்போது பேட்டரி இல்லாமல் அலமாரியின் மேல் தட்டில் கிடக்கிறது. பேட்டரி வேறு அறையில்.