ஃப்ளாப்பியும் சிடியும் கைவிட்ட மடிக்கணினியில் விண்டோஸ் 98 ஏற்றுவது எப்படி?

பர்மாவில் யாங்கூன், பகோ, மோல்மீன் என்று நம் தமிழர்கள் இருக்கும் ஊர்களில் சிறு அச்சகங்களுக்கோ கோயில் அலுவலகங்களுக்கோ போனால், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. திருவிழா அழைப்பிதழ், பாடப் புத்தகப் பக்கம், சங்கத்து ஆண்டு மலர் என்று பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோத்த கோப்புகள் அதற்குள் இருக்கும். இந்த மண்ணில் தமிழில் அச்சானவை குறைவு. அந்தக் கோப்புகள் போய்விட்டால் மறுபடி யாரும் தட்டச்சு செய்யப் போவதில்லை.

அவற்றை இன்றைய கணினியில் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரிவது ஏன் என்று பர்மாவில் வாழும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் வந்த செய்தி, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் உள்ள கைப்பேசியில் குழம்பித் தெரிந்ததும், 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியதும் நமக்கு நினைவிருக்கும். பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்ற பழைய தமிழ்க் குறியீடுகளிலும் சிக்கல் அதேதான். விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸுக்குள்ளேயே தமிழ் யூனிகோட் கிடைத்தது. அதற்கு முந்தைய பக்கங்களை அவை இருந்த வடிவிலேயே பார்க்க வேண்டுமானால், பழைய எழுத்துருவும் பழைய மென்பொருளும் ஓடும் பழைய கணினி வேண்டும்.

அந்தக் கணினியின் வன்தட்டு கிறீச்சிடும். ஃப்ளாப்பி டிரைவ் வாசிக்காது. சிடி சுழன்றபடியே இருக்கும். எல்லாவற்றையும் பழுது பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். பிறகு, இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்து அதன் வழியாக மென்பொருளை உள்ளே அனுப்புங்கள்.

முதல் படி: மின்சாரம்

கணினியைப் பற்றி யோசிப்பதற்கு முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், விண்டோஸ் 98 பயன்படுத்தும் கோப்பு முறைமை எளிதில் குழம்பிவிடும். பழைய மடிக்கணினியின் பேட்டரி ஒரு நிமிடம் கூடத் தாங்காது. எனவே அடாப்டரை யூபிஎஸ்ஸிலோ வீட்டு இன்வெர்ட்டரிலோ செருகுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதைச் சார்ஜ் செய்து பார்க்கும் ஆசையே வேண்டாம்.

தேதி, நேரத்தைக் காக்கும் சிறு பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். சில மாடல்களில் அது மறுபடி சார்ஜ் ஆகும் நிக்கல் வகை. வயதானால் கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால், பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். இந்தப் பேட்டரி இல்லாமலும் பெரும்பாலான மடிக்கணினிகள் ஓடும். ஒவ்வொரு முறையும் கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்பு நிரலில் தேதியைப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பழைய வன்தட்டை வெளியே எடுங்கள்

இந்தப் படியில் நிதானம் வேண்டும். கணினியை இயக்கி "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். சாகும் தறுவாயில் உள்ள வன்தட்டு இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீதமிருக்கும் அந்தச் சுழற்சி நகல் எடுப்பதற்கே செலவாகட்டும்.

பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கத்திலோ ஓரத்திலோ ஓரிரு திருகுகளைக் கழற்றினால் வன்தட்டு ஒரு தகரக் கூட்டோடு வெளியே வரும். அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் இரண்டரை அங்குல வகை. அதை இன்றைய கணினியில் இணைக்க, ஐடிஇ-யூஎஸ்பி மாற்றி வேண்டும். தனி மின்சாரத்தோடு வரும் மாற்றியை வாங்குங்கள். சாதாரண யூஎஸ்பி துளை தரும் அரை ஆம்பியர், பழைய வன்தட்டு சுழலத் தொடங்கும் நொடிக்குப் போதாமல் போகலாம்.

செருகுவதற்கு முன் பின்களைக் கிட்டே வைத்துப் பாருங்கள். இரண்டு வரிசையாக, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 44 பின்களுக்கான இடம் இருக்கும். நடுவே ஓரிடத்தில் ஒரு பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். தலைகீழாகச் செருகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஒரு கோடியில், சிறு இடைவெளி விட்டு இன்னும் 4 பின்கள் தனியாக நிற்கும். அவை வன்தட்டின் அமைப்பை மாற்றுவதற்கான ஜம்பர் பின்கள். மாற்றி அவற்றில் ஏறக் கூடாது. அந்த இடைவெளியை நகத்தால் தொட்டு உறுதி செய்துகொண்டு, அதற்கு அப்பால் இருக்கும் கூட்டத்தில் மட்டும் நேராக அழுத்துங்கள். ஒரு வரிசை தள்ளிச் செருகினால் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போய், நகல் எடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போகும்.

நகலுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வேண்டும். யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ் போதும், நிறுவ வேண்டாம். அதில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். சாதாரண நகல் கருவி கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்புக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் முதலில் பழைய வன்தட்டின் பெயர், அடுத்து நகல் கோப்பின் பெயர், மூன்றாவதாகக் குறிப்புக் கோப்பின் பெயர் வரும். முதல் இரண்டும் இடம் மாறினால் பழைய வன்தட்டு அழிந்துபோகலாம். கொள்ளளவைப் பார்த்து எது எது என்று சரிபார்த்த பிறகே எண்டர் விசையை அழுத்துங்கள்.

நகல் முடிந்ததும் பழைய வன்தட்டின் மேல் தேதி எழுதி ஒட்டி, பத்திரமாக வைத்துவிடுங்கள். அதை மறுபடி கணினிக்குள் வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வழி உயிரோடு இருக்கிறது?

ஃப்ளாப்பியை முதலில் பாருங்கள். நம் ஊரில் மே மாதம் தொடங்கும் மழை அக்டோபர் வரை விடாது. அந்த ஈரத்தில் ஃப்ளாப்பிக்குள் பூசணம் பிடித்துவிடும். மேலே உள்ள தகடை விரலால் தள்ளி, பழுப்பு நிறத் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கிய வட்டமோ தெரிந்தால் அதை டிரைவுக்குள் போடவே கூடாது. பூசணம் டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். டிரைவின் தலையை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடைக்கலாம். மருந்துக் கடையில் எளிதில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம்.

சிடி டிரைவ் பல்லிளித்தால் அதிகம் போராடாதீர்கள். அதன் லேசர் மங்கிப்போயிருக்கும். குறைந்த வேகத்தில் எழுதிய சிடி-ஆர் ஒன்றைப் போட்டுப் பார்த்து, வாசிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

திரை மங்கலாக இருந்தால் பின்புற விஜிஏ துளையில் வெளித்திரையைச் செருகுங்கள். விசைப்பலகை கெட்டிருந்தால் பிஎஸ்/2 விசைப்பலகை ஒன்றைச் செருகலாம்.

ஃப்ளாப்பியும் சிடியும் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். வன்தட்டு இருந்த இடம்தான் மிகச் சிறந்த வழி.

நான்காம் படி: சிஎஃப் அட்டையை வன்தட்டாக்குங்கள்

பழைய கேமராக்களில் இருந்த காம்பேக்ட் ஃப்ளாஷ் (சிஎஃப்) அட்டை ஐடிஇ வன்தட்டின் மொழியையே பேசும். அதனால் சிஎஃப் அட்டையை 44 பின் ஐடிஇயாக மாற்றும் சிறு பலகை ஒன்று இருந்தால், மடிக்கணினி அதை வன்தட்டு என்றே எடுத்துக்கொள்ளும். சத்தமில்லை, சூடில்லை, சுழலும் பாகமும் இல்லை. உள்ளூர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் பாங்காக்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்கலாம்.

அளவில் பேராசை வேண்டாம். 1990களின் பல பயாஸ்கள் 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. விண்டோஸ் 98க்கு 4 ஜிபி அட்டை தாராளம். கட்டளைகளால் இயங்கும் பழைய டாஸ் 6.22 மட்டும் வேண்டுமென்றால் 2 ஜிபி போதும். டாஸில் வட்டின் ஒரு பகுதி 2 ஜிபிக்கு மேல் போகாது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அட்டை கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அது தன்னை நிலையான வட்டு என்று காட்டிக்கொள்வதால் தொல்லை குறைவு.

இப்போது இன்றைய கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓடும் க்யூஎமு என்ற இலவச மென்பொருளைத் திறந்து, அட்டையைவிடச் சற்றுச் சிறிய வட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். விண்டோஸ் 98 துவக்க ஃப்ளாப்பியின் இமேஜ் கோப்பையும் (முழுத் தட்டையும் அப்படியே நகலெடுத்த ஒற்றைக் கோப்பு) உங்களிடம் உள்ள விண்டோஸ் 98 சிடியின் இமேஜ் கோப்பையும் அதோடு இணைத்து, ஃப்ளாப்பியிலிருந்து துவக்குங்கள். வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியை ஓட்டுங்கள். பெரிய வட்டு ஆதரவு வேண்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். ஒரே பகுதியாக்கி மறுபடி துவக்கி, சி வட்டை "எஸ்" விருப்பத்தோடு ஃபார்மாட் செய்யுங்கள். அந்த "எஸ்" இல்லாமல் செய்தால் வட்டு காலியாக இருக்குமே தவிர, தானாகத் துவங்காது.

பிறகு சிடியில் உள்ள "வின்98" உறையை அப்படியே சி வட்டுக்கு நகலெடுங்கள். அதோடு மடிக்கணினியின் திரை, ஒலிப் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள், பேஜ்மேக்கர், தமிழ்த் தட்டச்சுக்கான முரசு அஞ்சல், எழுத்துருக்கள், நகலிலிருந்து எடுத்த பழைய கோப்புகள் என்று தேவைப்படும் எல்லாவற்றையும் இப்போதே உள்ளே வைத்துவிடுங்கள். விண்டோஸ் 98க்கு யூஎஸ்பி பென் டிரைவ் தானாகத் தெரியாது. டிரைவரைத் தேடிப் போட்டால்தான் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு வழி இருக்காது.

க்யூஎமுவை மூடிவிட்டு, வட்டுக் கோப்பை இமேஜ் எழுதும் கருவி எதையாவது கொண்டு சிஎஃப் அட்டையில் எழுதுங்கள். விண்டோஸை க்யூஎமுவிலேயே நிறுவிவிட வேண்டாம். நிறுவும்போதுதான் விண்டோஸ் கணினியின் பாகங்களை அடையாளம் காணும். அது உங்கள் மடிக்கணினியில் நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நிறுவுதல்

அட்டையை மடிக்கணினியில் பொருத்தி இயக்குங்கள். சி வட்டின் அடையாளம் வந்ததும் "வின்98" உறைக்குள் போய் செட்டப் ஓட்டுங்கள். துவங்காமல் நின்றால் பயாஸில் வட்டு முறை எல்பிஏ (பெரிய வட்டுகளைப் படிக்கும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். உரிம எண் மடிக்கணினியின் அடிப்பக்க ஸ்டிக்கரிலோ விண்டோஸோடு வந்த கையேட்டின் அட்டையிலோ இருக்கும். அது தேய்ந்து மறைவதற்குள் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

முதல் முறை திறக்கும்போது திரை 16 வண்ணங்களில் பெரிது பெரிதாகத் தெரியும். திரை டிரைவரை ஏற்றினால் சரியாகிவிடும். வட்டின் அமைப்புகளில் உள்ள, தரவை வேகமாக அனுப்பும் டிஎம்ஏ என்ற குறியைத் தொடாதீர்கள். பல மாற்றிப் பலகைகளில் அதற்கான இணைப்பே இருக்காது. தொட்டால் கணினி உறைந்துவிடும்.

விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வந்தால்

அட்டையைக் கழற்றாமல் சிறு கோப்புகளை அனுப்ப, பின்புறத்து 9 பின் சீரியல் துளை இருக்கிறது. வேறு எது கெட்டாலும் அது பெரும்பாலும் உயிரோடிருக்கும். இரு கணினிகளை நேராக இணைக்கும் நல் மோடம் கேபிள் ஒன்றும், இன்றைய கணினிக்கு யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றும் வாங்குங்கள். விண்டோஸ் 98இல் சீரியல் வழியே பேசும் ஹைப்பர்டெர்மினல் என்ற மென்பொருள் உண்டு. இன்றைய கணினியில் அதே வேலையைச் செய்யும் டெரா டெர்ம் போடுங்கள். இரண்டிலும் வேகத்தை 115200 என்று வைத்து, இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் அனுப்புங்கள். நொடிக்கு ஏறக்குறைய 11 கேபி போகும். ஒரு ஃப்ளாப்பி அளவுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். எழுத்துருக் கோப்புக்கு அது தாராளம்.

ஆறாம் படி: எழுத்துருக்கள்

கண்ட்ரோல் பேனலில் எழுத்துருக்கள் என்ற பகுதியைத் திறந்து புதியவற்றைச் சேருங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் கோத்தது என்று தெரியாவிட்டால், அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவரைத் தேடிப் பிடியுங்கள். அச்சகத்து அண்ணன் ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். "தம்பி, இந்த 'ணை'யின் வளைவைப் பார், இது பாமினி இல்லை" என்று கண்ணாடி போடாமலே சொன்னார். பிறகு வேறு எழுத்துரு போட்டதும் பக்கம் முழுவதும் தெளிவாக வந்தது. அவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயருக்கு எதிரே எழுத்துருவின் பெயர் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பக்கம் சரியாகத் தெரிந்ததும் அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உரையைத் தனியாக எளிய உரைக் கோப்பாகச் சேமித்து, சீரியல் வழியாக வெளியே எடுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற குறியீடு மாற்றும் கருவியில் மூலக் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அது யூனிகோடாகிவிடும். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அடிக்கடி பிசகும். கையில் அச்சுத்தாளை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துங்கள். இருவர் உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் திருத்தினால் வேலை வேகமாக முடியும்.

எல்லாம் சரியாக ஓடும் அன்றே சிஎஃப் அட்டையைக் கழற்றி, அதன் முழு இமேஜையும் இன்றைய கணினியில் எடுத்து வையுங்கள். அட்டை கெட்டுப்போனால் இன்னோர் அட்டையில் அதை எழுதிச் செருகினால் போதும்.