பக்கியில் எதையும் மாட்டுமுன் எடை போடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிக்கப் வண்டிக்குப் பெயர் பக்கி. (தமிழ்நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார்.) ஈஸ்டர் விடுமுறையில் லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய் மலைப்பாதையில் ஏறவோ, வடக்குக் கடலோரத்துக் கோசி பே மணலில் ஓட்டவோ ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓடுவது வண்டிக்குச் சாமான் மாட்டும் கடைக்கு. போகவேண்டியது எடை மேடைக்கு.

டீசலை நிரப்பி, ஆளில்லாமல் வண்டியை நிறுத்தி எடை பாருங்கள். பழைய இரும்புக் கடைகளிலும் மணல் குவாரிகளிலும் எடை மேடை இருக்கும். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் தகட்டில் பொறித்த மொத்த எடை வரம்பிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் செலவழிக்கக்கூடிய கிலோ.

வரம்பு 2,910, வெறும் வண்டி 2,100 என்று வையுங்கள். மிச்சம் 810. பெரியவர்கள் நால்வர் 300, கேனபி (லோடுப் பெட்டியின் மேல்கூடு) 90, இரும்பு பம்பரும் வின்சும் (புதைந்த வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்) 95, இழுப்பறை 60, கூரைக் கூடாரம் 60, சாமானோடு ஃபிரிட்ஜ் 50, இரண்டாவது பேட்டரி 30, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ, துணிமணி 80. கூட்டினால் 825. பிரியாணி அண்டாவும் கருவிப் பெட்டியும் இன்னும் கீழேதான் நிற்கின்றன. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்: சானிக்கு மட்டும் போகிறவருக்கு வின்ச் தேவையில்லை, அதை விட்டாலே 35 கிலோ மிச்சம்.

கெட்டியான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் தகட்டிலுள்ள வரம்பு உயராது. இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேப்பில் லோடுப் பெட்டி நீளம் குறைவு. சுமையில் பெரும்பகுதி பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும். அதைத் தாங்க ஸ்பிரிங்குக்கும் சேசிசுக்கும் நடுவே காற்றுப்பை வைப்பார்கள். பாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் விழ, அலையலையான மண் சாலையில் குதித்துக் குதித்து, கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளையும். கனமான தண்ணீரும் பேட்டரியும் ஆக்சிலுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும்.

காசைப் போடவேண்டிய முதல் இடம் டயர். தார், மண், கல் எல்லாவற்றுக்கும் ஏற்ற நல்ல ஆல் டெரெயின் டயரும், காற்றை இறக்க ஒரு கேஜும், திரும்ப ஏற்ற ஒரு கம்ப்ரசரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கல் சாலைக்கு 1.6 முதல் 1.8 பார், கோசி பே மணலுக்கு 1.0 வரை இறக்கலாம், ஆனால் வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு வேகம் போனால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும். 265/65R17-ஐ எடுத்துவிட்டு 265/70R17 போட்டால் விட்டம் 776-இலிருந்து 803 மில்லிமீட்டராகும். தரை இடைவெளியில் கிடைப்பது 13 மில்லிமீட்டர்தான். சரியாகக் காட்டும் மீட்டர் இனி 120 காட்டும்போது வண்டி 124-இல் போகும். அபராதச் சீட்டு உங்களுக்கு.

அடுத்து, சேசிசில் போல்ட் செய்த, தாங்குதிறன் குறித்த இழுவைக் கொக்கி, முன்னும் பின்னும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறந்து ஆளைக் கொல்லும்.

டிஃபரன்ஷியல் லாக் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரமும் சேர்ந்தே சுழலப் பூட்டுவது) கம்பெனியே தந்திருந்தால் வேறொன்று தேடவேண்டாம். ஸ்நார்க்கல், அதாவது எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய், ஆழமான ஆறு கடப்பவருக்கு. வாங்கினால் ஏர் ஃபில்டர் பெட்டியின் வடிகால் துளையையும் அடைக்கவேண்டும், இல்லையேல் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும்.

சஸ்பென்ஷன் கடைசி. மேற்சொன்னதெல்லாம் மாட்டி, மறுபடி எடை போட்டு, எப்போதும் வண்டியில் நிற்கும் பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் வாங்குங்கள். 300 கிலோ கூடுதல் பாரத்துக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் பின்பக்கம் துள்ளும், மழையில் வழுக்கும். உயர்த்துவது 40 மில்லிமீட்டரோடு நிற்கட்டும். அதைத் தாண்டினால் முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டிலுள்ள சி.வி. ஜாயின்டின் கோணம் கூடி அதை மூடிய ரப்பர் உறை (பூட்) கிழியும், மண் புகும்.

மாட்டியவற்றின் பட்டியலை, பில்லோடு, இன்ஷூரன்சுக்கு எழுத்தில் கொடுங்கள். ஸ்பிரிங் மாற்றிய அன்றே வீல் அலைன்மென்ட். 500 கிலோமீட்டர் ஓடியபின் பின் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குங்கள்.