முதல் வெட்சூட் வாங்குகிறீர்களா? அளவைப் பார்த்து வாங்குங்கள்

குளிர்ந்த தண்ணீரில் விளையாட உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடைதான் வெட்சூட். அதை வாங்கக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர் வாங்கலாம்?" என்றுதான். தடிமன் முக்கியம்தான், ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதும். நேரம் செலவழிக்க வேண்டியது அளவு பார்ப்பதில். தொளதொளவென்று இருக்கும் சூட் எவ்வளவு தடியாக இருந்தாலும் குளிரைத் தடுக்காது.

தண்ணீர் எவ்வளவு குளிர்?

வெளியே அடிக்கும் வெயிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். தண்ணீர் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஒரு ராஷ் கார்டு (உடம்பை ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டை) அல்லது 2 மி.மீ. ஷார்ட்டி (அரைக்கை, அரைக்கால் சூட்) போதும். 18 முதல் 23 வரை 3/2, 14 முதல் 17 வரை 4/3, அதற்கும் கீழே 5/4, கூடவே தலையுறை, கையுறை, பூட்ஸ். 3/2 என்றால் உடற்பகுதியில் 3 மி.மீ., கை கால்களில் 2 மி.மீ. இது சர்ஃபிங் போல உடம்பு ஓயாமல் அசையும் விளையாட்டுக்கான கணக்கு. சீக்கிரம் குளிர் எடுக்கும் உடம்பு என்றால் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த விளையாட்டுக்கு?

சர்ஃபிங்குக்குத் தோள்பட்டை நன்றாக இழுபட வேண்டும். கயாக்கிங்குக்குக் கையில்லாத சூட்தான் என் தேர்வு. துடுப்பு போடும்போது அக்குளில் உராயாது. காற்றில் நின்று விளையாடும் விண்ட்சர்ஃபிங், கைட்சர்ஃபிங்குக்கு மார்பில் வழவழப்பான ரப்பர் பரப்பு இருந்தால் நல்லது, ஈரத்தில் காற்று பட்டுக் குளிராது.

ஸ்கூபா டைவிங் வேறு கதை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. வெட்சூட் செய்யும் நுரை ரப்பரான நியோபிரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் சுருங்கி, சூட்டே மெலிந்துவிடும். அதனால் டைவிங் சூட்டை அடர்த்தியான நியோபிரீனில் செய்கிறார்கள். சர்ஃபிங் சூட்டைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீர்கள்.

அளவு

வெட்சூட்டில் குளிரைத் தடுப்பது நியோபிரீனுக்குள் அடைபட்ட அந்தக் குமிழிகள்தான். உள்ளே கசியும் கொஞ்சம் தண்ணீர் மெல்லிய படலமாக நின்று உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். இடைவெளி இருந்தால், நீங்கள் அசையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வரும்.

அளவு அட்டவணையில் மார்புச் சுற்றளவை முதலில் பாருங்கள், பிறகு உயரம், எடை. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் மீடியம் ஆகாது.

போட்டுப் பார்க்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கணுக்கால், முழங்கால், தொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். நகத்தால் இழுக்காதீர்கள், விரல் சதையால் பிடியுங்கள். கவட்டையில் சூட் முழுவதும் ஒட்டி உட்காரும்வரை கையை நுழைக்கவே கூடாது. அங்கே இரண்டு அங்குலம் தொங்கினால் தோள் இறுக்கும், மூச்சு முட்டும். 'சின்ன சைஸ் போல' என்று நினைத்து ஒரு சைஸ் பெரியதாக வாங்கிவிடுவோம். இறுக்கமாகத் தெரிந்தால் கழற்றுவதற்கு முன் காலிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

சரி, போட்டாகிவிட்டது. கைகளை மேலே தூக்குங்கள், குத்துக்கால் வைத்து உட்காருங்கள். முதுகின் கீழ்வளைவில் கொத்தாகத் துணி பிடிக்க வருகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் அது பெரிய சைஸ். அக்குளையும் முழங்காலின் பின்புறத்தையும் அப்படியே பாருங்கள். கழுத்து ஒட்டி நிற்கலாம், ஆனால் மூச்சு தாராளமாக வர வேண்டும். சாதாரணச் சட்டை மாதிரி சுகமாக இருந்தால் வாங்காதீர்கள். தண்ணீரில் இன்னும் சற்று இளகும்.

தையலும் ஜிப்பும்

சூட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நூல் தெரியும் தட்டைத் தையல் ஊசித்துளை வழியாகக் கசியும், வெதுவெதுப்பான நீருக்கு மட்டும் போதும். 18 டிகிரிக்குக் கீழே போகிறவர்கள் பசை ஒட்டி, ஊசி மறுபக்கம் போகாமல் தைத்த சூட்டையே வாங்குங்கள். கூடுதல் பணம் போடுவதானால் ஒரு மில்லிமீட்டருக்குப் போடாமல் இந்தத் தையலுக்குப் போடுங்கள். புதியவர்களுக்கு முதுகு ஜிப் சுலபம். மார்பு ஜிப்பில் தண்ணீர் குறைவாகப் புகும், ஆனால் போடப் பழக வேண்டும்.

பிற்சேர்க்கை: கழுத்து உராய்ந்து புண்ணாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், அது நியோபிரீனைக் கெடுக்கும். உள்ளே கழுத்துள்ள ராஷ் கார்டு போடுங்கள். பழைய சூட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். தாராளமாக வாங்கலாம். முழங்காலிலும் தோளிலும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுங்கள். பள்ளம் உடனே எழும்பாவிட்டாலோ, மடிப்புகளில் வெடிப்பு தெரிந்தாலோ வேண்டாம்.