ராக்கெட்டும் ஒரு ஷேர் ஆட்டோதான்: குட்டி சாட்டிலைட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூலூர்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டின் வெளிச்சம்தான் முதலில் வரும். சத்தம் வந்துசேர ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். அப்புறம் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன் என்பதால், ராக்கெட் பார்க்க மாடிக்கு வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், நாங்க செய்யிற சாட்டிலைட்டையும் இதுல ஏத்த முடியுமா?"

முடியும். 2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி37 ராக்கெட் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அதில் கார்ட்டோசாட்-2டி மட்டும் 714 கிலோ. கூடப் போன 88 'டவ்' என்ற குட்டிக் கோள்கள் ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கும் குறைவு. சென்னை சத்யபாமா மாணவர்கள் செய்த ஒன்றரைக் கிலோ கோள் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டது. இடம் கிடைக்கும். ஆனால் அது ஷேர் ஆட்டோவில் கிடைக்கும் இடம். இதை மறந்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் பெரிய தவறு. மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

ஷேர் ஆட்டோ உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. பெரிய பயணி எங்கே போகிறாரோ, அந்தப் பாதையில்தான் நீங்களும் இறங்க வேண்டும். பூமியைப் படமெடுக்கும் பெரிய கோள் என்றால் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிய பாதை. "மேலே போனதும் நாமே திருப்பிக்கொள்ளலாம்" என்று ஒரு மாணவர் திட்டத்தில் எழுதியிருந்தார். பாதையின் சாய்வை ஒரே ஒரு டிகிரி மாற்றவே, வேகத்தில் நொடிக்குச் சுமார் 130 மீட்டர் மாற்றம் வேண்டும். குட்டிக் கோள்கள் பலவற்றில் எஞ்சினே கிடையாது. எந்தப் பாதை கிடைத்தாலும் பயன்தரும் ஆய்வாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் அப்படியே. ஐஐடி பம்பாய் மாணவர்கள் 2007-இல் தொடங்கிய 'பிரதம்' செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது 2016 செப்டம்பரில். தொடங்கியவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகும் வேலை நின்றுவிடாதபடி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இறுதியாண்டு புராஜெக்டாக மட்டும் நினைத்து இறங்காதீர்கள். நீங்கள் தாமதித்தாலோ ராக்கெட் காத்திருக்காது. உங்கள் இடத்தில் அதே எடைக்கு ஒரு உலோகக் கட்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் குட்டிக் கோளான கியூப்சாட் என்பது பத்து சென்டிமீட்டர் கனசதுரம். அதன் நீளவாக்கு விளிம்புகள் நான்கும், கோளை ராக்கெட்டிலிருந்து வெளியே தள்ளும் ஸ்பிரிங் வைத்த ஒரு பெட்டிக்குள் தண்டவாளம்போல வழுக்கிப் போக வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் பெட்டிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரே பெட்டியில் பின்னால் இருக்கும் அடுத்தவரின் கோளையும் மறித்துவிடும். எங்கள் மாணவர்கள் செய்த மாதிரியில் ஆன்டெனாவுக்கு வெட்டிய ஸ்டீல் டேப்பை மடித்து, தங்கூசி என்கிற நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறார்களே, அதே தங்கூசி. பலரும் கையாளும் முறைதான்: மேலே போனதும் ஒரு கம்பியைச் சூடாக்கினால் தங்கூசி அறுந்து டேப் விரியும். அதிர்வுச் சோதனையில் முடிச்சு தளர்ந்து, டேப் 'டப்'பென்று பெட்டிக்குள்ளேயே விரிந்துவிட்டது. முடிச்சைச் சரிசெய்த பிறகு இன்னொன்று தெரிந்தது: மேசைமேல் சில வினாடிகளில் தங்கூசியை அறுத்த கம்பி, ஃப்ரீசரில் வைத்து எடுத்த பேட்டரியோடு அறுக்கவே இல்லை. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். தரையில் ஒருமுறை வேலை செய்ததைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். குலுக்கிய பிறகும், குளிர்ந்த பிறகும் பாருங்கள்.

ராக்கெட்டுக்குள் உங்கள் கோள் முழுக்க அணைந்திருக்க வேண்டும். வெளியே தள்ளப்பட்ட பிறகும் குறைந்தது 45 நிமிஷம் ரேடியோ பேசக்கூடாது என்பது கியூப்சாட் விதி. சக பயணிகளைப் பாதுகாக்க வந்த விதி அது.

அடுத்தது அனுமதி. "கோள் தயாராகட்டும், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2018 ஜனவரி 12 அன்று பிஎஸ்எல்வி-சி40 கிளம்பியபோது, அமெரிக்காவின் ஸ்வார்ம் நிறுவனத்தின் நான்கு 'ஸ்பேஸ்பீ' கோள்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் 2.8 சென்டிமீட்டர் தடிமன்தான். இவ்வளவு சிறியதை ரேடாரில் நம்பிக்கையாகப் பின்தொடர முடியாது என்று அவர்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் ஏற்கெனவே அனுமதி மறுத்திருந்தது. அப்படியும் ஏற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 9 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. நம் ஊரில் ஏவுதலுக்கு, இஸ்ரோவுக்கு வெளியே நடக்கும் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி வேண்டும். அலைவரிசைக்குத் தனி அனுமதி. முதல் சர்க்யூட்டை வரையும் மாதமே இந்த விண்ணப்பங்களையும் எடுத்துவிடுங்கள்.

ஏவிய அன்று கேக் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போவது இன்னொரு தவறு. டஜன்கணக்கில் கோள்கள் ஒரே இடத்தில் இறங்கும்போது, ரேடாருக்கு அவை எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகள். எது யாருடையது என்று பிரித்தறிய நாட்கள் ஆகும், சமயத்தில் வாரங்களும் ஆகலாம். அந்த நாட்களில் தினமும் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு கேட்க ஆள் வேண்டும். தேர்வு விடுமுறை என்று லேபைப் பூட்டிவிட்டால் யார் கேட்பது? மற்ற ஊர்களில் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்களிடம் அலைவரிசையை முன்கூட்டியே கொடுத்துவைத்தால், உங்கள் சிக்னலை முதலில் அவர்களே பிடித்துச் சொல்லவும் கூடும்.

கடைசியாக, ஒரே ஒரு கோளை மட்டும் செய்யாதீர்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் வேகமாற்றத்தை அளக்கும் சென்சார்கள் அதிர்வில் தடுமாற, 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில் ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த பாதையில் கோள்கள் விடப்பட்டன. அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரின் உழைப்பில் உருவான 'ஆசாதிசாட்' அதோடு போய்விட்டது. பிள்ளைகள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. அன்று எங்கள் மாடியில் யாருக்கும் பேச்சே வரவில்லை. ஆனால் அவர்கள் மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஜன்னல் மறுபடி அதிர்ந்தபோது 'ஆசாதிசாட்-2' மேலே போய்க்கொண்டிருந்தது. இந்த முறை சேர வேண்டிய பாதையிலேயே சேர்ந்தது.