பின் பிரேக் மட்டும் ஏன் கொதிக்கிறது? ஸ்போர்ட்ஸ் காரில் காரணத்தைக் கண்டறியும் முறை

வேகமாக ஓடும் காரை பிரேக் பிடித்து நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுக்கே போகிறது. எஞ்சின் நடுவிலோ பின்னாலோ அமைந்த கார்களில் பின் பிரேக்குகளின் பங்கு கூடும் என்றாலும், அங்கும் பொதுவாக முன்பக்கமே அதிகம் உழைக்கும். எனவே, ஓட்டி வந்து நிறுத்திய காரின் பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தாலோ, பின் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) மட்டும் நீலம் பாரித்திருந்தாலோ, கடுமையாக ஓட்டியதால் வந்த சூடு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், பின் டிஸ்க்குகள் பெரும்பாலும் சிறியவை, எடை குறைந்தவை. குறைந்த உழைப்பிலேயே சூடேறக்கூடியவை. முன்பக்கத்தைவிடச் சற்றே அதிக வெப்பம் காட்டுவது மட்டும் கோளாறுக்குச் சான்றாகாது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) டிஸ்க்கை விடாமல் உரசுகிறதா, அல்லது ஒழுங்காக விட்டுவிட்டாலும் அளவுக்கு மீறி வேலை வாங்கப்படுகிறதா? இதைப் பிரித்தறியாமல் பெரிய டிஸ்க்கும் உயர் ரக பேடும் வாங்கிப் போடுவதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான வீண் செலவு.

அளப்பதற்கு அகச்சிவப்பு வெப்பமானி போதும். ஆனால் பேட் தேய்த்து மினுமினுக்கும் டிஸ்க் பரப்பில் அது உண்மையைவிடக் குறைவான வெப்பத்தையே காட்டும். ஆகவே எண்ணை அப்படியே நம்பாமல், நான்கு சக்கரங்களிலும் ஒரே இடத்தை ஒரே தூரத்திலிருந்து அளந்து, இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வெப்ப வண்ணங்கள் மேலானவை. பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரி செல்சியஸில் நிறம் மாறும் வகை பரவலாகப் பயன்படுகிறது. உச்ச வெப்பம் வண்ணத்திலேயே பதிந்துவிடுவதால், இறங்கி அளப்பதற்குள் சூடு தணிந்துவிடுமே என்ற கவலை இல்லை.

அடுத்து, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் கால் மணி நேரம், கூடியவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து, கடைசியில் காரைத் தானாகவே உருண்டு நிற்க விடுங்கள். குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும், ஏனெனில் சில கார்களில் அது நமக்குத் தெரியாமலே பிரேக்கை இயக்கும். இந்த ஓட்டத்துக்குப் பிறகும் பின் டிஸ்க் சூடாக இருந்தால் பேட் உரசுகிறது என்று பொருள். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், கோளாறு வேறிடத்தில். டிஸ்க்கைவிடச் சக்கரத்தின் மையப்பகுதி சூடாக இருந்தால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உரசல் என்று தெரிந்தால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரண்டு பின் சக்கரங்களையும் ஒருசேரத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள்; வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள காரில் மறுபக்கத்தின் இறுக்கமும் சேர்ந்து கையில் தெரியும். இதனால் பழுதில்லாத காலிப்பரை (பிஸ்டனால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) கழற்றியவர்கள் உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகிய சக்கரத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைச் சற்றே திறக்க வேண்டும். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் தடை இயந்திர வகையானது. ஆயில் பெயிண்டை அரிக்கும் என்பதால் சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

அழுத்தம் தங்கியிருப்பது தெரிந்தால், மீண்டும் பெடலை மிதித்து இறுக்கத்தை வரவழைத்து, இந்த முறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸுக்கு மேலே உள்ள இணைப்பைத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் விடுபடாவிட்டால் ஹோஸ் உள்ளே சிதைந்து, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. விடுபட்டால் காரணம் அதற்கும் மேலே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தொகுதியிலோ, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. ஓட்ட ஓட்ட உரசல் கூடி, ஆறியதும் மறைந்துவிடும் வகையில் மாஸ்டர் சிலிண்டரையே முதலில் பார்க்க வேண்டும்: மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் தள்ளுகம்பிக்குப் போதிய இடைவெளி இல்லாவிட்டால், ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும், சூட்டில் விரியும் ஆயில் போக இடமின்றிக் காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளும்.

இயந்திரத் தடையில் ஹேண்ட் பிரேக்தான் முதல் சந்தேகம். முன்பக்கத்தில் இல்லாத கருவி அது ஒன்றே. சில கார்களில் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் சிறு டிரம் ஷூக்கள் உண்டு. அவற்றை அதிகம் இறுக்கியிருந்தால் டிஸ்க் உள்ளிருந்தே வேகும், பேட் மட்டும் பழுதின்றித் தோன்றும். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் சர்வீஸ் மோடுக்கு (பழுதுபார்ப்புக்காக மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் நிலை) மாற்றாமல் பேட் மாற்றியிருந்தாலும் பிரேக்கை இறுக்கும் மோட்டார் முழுமையாகப் பின்வாங்காமல் போகலாம். அடுத்து பேட்களைக் கழற்றிப் பாருங்கள்: மிதக்கும் காலிப்பரில் (பின்களின் மேல் பக்கவாட்டில் நகரும் வகை) உள் பேடும் வெளி பேடும் பெரிதும் வேறுபட்டுத் தேய்ந்திருந்தால் வழிகாட்டும் பின்கள் இறுகியிருக்கும் அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் நிற்கும். நகராத, நிலையான காலிப்பரில் இந்த வழிகாட்டும் பின்கள் கிடையாது. அங்கே பேட் அமரும் விளிம்பில் துருவும் தூசியும் சேர்ந்து பேடைப் பிடித்துக்கொள்ளும்.

உரசலே இல்லையென்றால் கவனம் மின்னணுவின் பக்கம் திரும்ப வேண்டும். இன்றைய வேகக் கார்கள் திருப்பத்தில் மூக்கை உள்ளே இழுக்கவும், வெளியேறும்போது வழுக்கும் சக்கரத்தை அடக்கவும் உள்பக்கப் பின் பிரேக்கைத் தாமாகவே பிடிக்கின்றன. கடிகாரச் சுற்றில் ஓடும் தடத்தில் வலத் திருப்பங்களே மிகுதி. அங்கே வலது பின் டிஸ்க் மட்டும் கொதித்து, அதன் பேட் இடதைவிட விரைவாகத் தேய்ந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். கார் பதிவு செய்யும் சக்கரவாரியான பிரேக் அழுத்தத்தைப் பார்ப்பதே நேரடிச் சான்று. அது கிடைக்காவிட்டால், மூடிய தடத்தில், அனுபவமுள்ள ஓட்டுநர், இப்படித் தானாகப் பிரேக் பிடிக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி ஓட்டி வெப்பத்தை ஒப்பிடலாம். பொதுச் சாலையில் இதைச் செய்யக் கூடாது. பொத்தானை அணைத்தாலும் சில கார்களில் இந்தத் தலையீடு முழுமையாக ஓய்வதில்லை என்பதால், வேறுபாடு தெரியாததை வைத்து மின்னணுவை விடுவித்துவிட வேண்டாம்.

பின்னால் மட்டும் அதிக உராய்வு தரும் பேட் போட்டிருப்பது, பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாய் அடைபட்டிருப்பது, வளைந்த உள்மடல்கள் கொண்ட டிஸ்க்குகள் இடம் வலம் மாறிப் பொருத்தப்பட்டிருப்பது ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். மடல்கள் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால்தான் காற்றைச் சரியாக வெளியே தள்ளும்.

காரணம் எதுவானாலும், ஒருமுறை கொதித்த பின் பிரேக்கின் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியதற்கான வரம்போ 155 டிகிரிதான். பிஸ்டனின் தூசி உறை பொரிந்திருந்தால் காலிப்பரைப் பிரித்து உள்ளே உள்ள சீலையும் மாற்றுங்கள். பிறகு அதே சாலையில், பிரேக் தொடாத அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டி, இருபக்க வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக வந்த பின்னரே காரை வேகமாக ஓட்டலாம்.