காட்டுக்கு நடுவில் பட்டா நிலமா? முதலில் வழியைப் பாருங்கள்

ஏற்காடு மலைச்சரிவில் எங்கள் மாமனார் விட்டுப்போன காப்பித் தோட்டத்தை அவர் கடைசிவரை "மூணு ஏக்கர்" என்றுதான் சொன்னார். பட்டாவில் இருப்பது 1.11.0 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர் 74 சென்ட். மிச்சம் 26 சென்ட் பாசத்தில் சேர்ந்தது. நாலு பக்கமும் காப்புக்காடு, அதாவது வனத்துறை கையில் இருக்கிற அரசுக் காடு. சேலத்தில் யாரிடம் சொன்னாலும், "காட்டுக்குள்ள எப்படிங்க பட்டா?" என்றே கேட்கிறார்கள்.

தோசையில் விழும் ஓட்டை மாதிரிதான். 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி, ஒரு காட்டைக் காப்புக்காடாக்க அரசு முதலில் 4-வது பிரிவில் அறிவிக்கை போடும். பிறகு வன நிர்ணய அலுவலர் உட்கார்ந்து உரிமை கோருபவர்களை விசாரிப்பார். நிரூபித்தவர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம், இல்லை எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். கடைசியில் 16-வது பிரிவு அறிவிக்கை வரும். அப்படி விடப்பட்ட துண்டுகள் இன்றும் பட்டாவாக நிற்கின்றன. 4 வந்து 16 வராமல் பல வருஷமாகக் கிடக்கிற இடங்களும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் யாராவது நிலம் விலை சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லோரும் பத்திரத்தை முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் வழியைப் பார்க்கச் சொல்வேன். தார்ச்சாலையில் இருந்து எங்கள் தோட்டத்துக்கு முக்கால் கிலோமீட்டர், முழுக்கக் காட்டுக்குள். மாமனாரின் ஜீப் அதில் ஓடித் தடமே விழுந்திருந்தது. அது எங்கள் பாதை என்றே நினைத்திருந்தேன். அவர் போன அடுத்த வருஷம், மழையில் சக்கரம் புதைகிறதே என்று ஒரு டிராக்டர் ஜல்லி கொண்டுவந்து கொட்டினேன். மறுநாள் காலையில் வனக்காப்பாளர் வந்து நின்றார். தப்பு அவர்மேல் இல்லை. காப்புக்காட்டில் ஒரு தடத்தை அகலப்படுத்துவதோ கெட்டிப்படுத்துவதோ நாம் முடிவெடுக்கிற காரியம் இல்லை. 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காட்டு நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஜல்லியைக் கூடை கூடையாக நானே அள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்த வன நிர்ணய அலுவலர் அன்றைக்குப் போட்ட உத்தரவின் நகலைத் தேடினேன். நீங்கள் முதலிலேயே தேடுங்கள். மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு, 10 ரூபாய் கட்டணம். அதில் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்தக் காப்புக்காட்டின் அறிவிக்கை, அதிலுள்ள எல்லை விவரம், உங்கள் சர்வே எண்ணுக்கு வழி உரிமையும் தண்ணீர் உரிமையும் பதிவாகியிருக்கிறதா என்பது. எங்களுடையதில் "நடைபாதை" என்று ஒரே வார்த்தை. வண்டிப்பாதை என்று இல்லை. இத்தனை வருஷம் ஜீப் ஓடியது சலுகையில். இப்போது அறுவடைக்கு முன்னால் வண்டி போக அனுமதியை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்கிறோம். கிடைக்காத வருஷம் மூட்டை தலைச்சுமைதான். கூலி கூடும். அந்தக் கூலியையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், குறைந்தது 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம்: இது எல்லா நிலத்துக்கும் உள்ளதுதான். மலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, அது நிபந்தனைப் பட்டாவா, அதாவது அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலமா என்பது. ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலம் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். 1949-ம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமா என்றும் கேளுங்கள். அப்படியானால் விற்பதற்கே முன் அனுமதி தேவை.

எல்லையை மாசியில் அளக்கச் சொல்லுங்கள். காப்பிப் பழம் பறித்து முடிந்திருக்கும், உண்ணிச்செடி காய்ந்து கல் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசியில் போனால் அட்டைக்கடியோடு திரும்ப வேண்டியதுதான். வருவாய்த்துறை சர்வேயர் மட்டும் அளந்தால் பாதி வேலை. வனத்துறைக்கு எண் போட்ட கல் குவியல்கள் தனியாக இருக்கும். இரண்டு தரப்பும் ஒரே நாளில் நின்று கூட்டாக அளந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு அந்த ஒரே நாள் அமைய ஒன்பது மாதம் ஆனது. அளந்ததில் கிழக்கு ஓரத்து நாலு மிளகுக்கொடி காட்டுக்குப் போனது. போகட்டும்.

மரம் உங்கள் நிலத்தில் நின்றாலும் கோடரி உங்கள் இஷ்டம் இல்லை. 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். தானாக முளைத்த சந்தனக் கன்று கண்ணில் பட்டால் உடனே வனத்துறையில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். நாளை யாராவது இரவில் அறுத்துக்கொண்டு போனால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். நிலத்தைப் பத்திருபது வருஷம் சும்மா போட்டு வைக்கவும் யோசிக்க வேண்டும்; மரம் மூடிவிட்டால் அதையும் காடு என்று சொல்லிவிடலாம். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்று சொல்லிவிட்டது.

வீடு கட்ட ஊராட்சி அனுமதி மட்டும் போதும் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். மலைப்பகுதிக்கு விதிகள் தனி. காட்டெருமைக்கு சோலார் வேலி போடுவதானாலும், 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

நிலம் காட்டுகிறேன் என்று யாராவது ஜீப்பில் ஏற்றினால், போகும்போது மட்டும் ஏறிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இறங்கி நடங்கள். எந்த இடத்தில் காட்டுக் கல் தொடங்குகிறது, எத்தனை அடி உங்கள் வழி என்று நடக்க நடக்க அவரையே காட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துத் துண்டைப் பார்க்க வந்த ஒருவர் பாதி தூரத்திலேயே புரோக்கரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார்.