பெண்கள் இயக்கிய படங்களைத் தரவரிசைப்படுத்தும்போது மதுரையில் நாம் செய்யும் தவறுகள்

பெண்கள் இயக்கிய தமிழ்ப் படங்களில் பிடித்த பத்தைச் சொல்லுங்கள் என்று மதுரையில் எந்த ரசிகர் கூட்டத்தில் கேட்டாலும், முதல் ஐந்து நிமிடத்துக்குள் ‘மகளிர் மட்டும்’ வந்துவிடும். அதன் பின்னாலேயே ‘அவள் அப்படித்தான்’, ‘அறம்’, ‘அருவி’, ‘கார்கி’ என்று வரிசை கட்டும். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடப் பெண் இயக்கவில்லை. 1994-இல் வந்த ‘மகளிர் மட்டும்’ சிங்கீதம் சீனிவாசராவின் படம். அதே பெயரில் 2017-இல் வந்ததை இயக்கியவர் பிரம்மா. 1978-இல் வந்த ‘அவள் அப்படித்தான்’ ருத்ரய்யாவுடையது. ‘அறம்’ கோபி நயினார், ‘அருவி’ அருண் பிரபு புருஷோத்தமன், ‘கார்கி’ கௌதம் ராமச்சந்திரன்.

பெண்ணைப் பற்றிய படத்தையும் பெண் எடுத்த படத்தையும் ஒன்றாக்கிவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு. இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘விக்ரம் வேதா’ யாருடைய படம் என்று கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியும் ரவுடியும் உள்ள படம் என்பதாலேயே இந்தப் பட்டியலுக்குள் அது யார் நினைவுக்கும் வருவதில்லை. புஷ்கர் – காயத்ரி இணையில் காயத்ரி பாதி. 2007-இல் ஆட்டோ ரேஸை வைத்து இவர்கள் எடுத்த ‘ஓரம் போ’வும் அப்படியே விடுபட்டுப் போகிறது. இருவர் சேர்ந்து இயக்கிய படம் சேருமா, ரீமேக் சேருமா, நடிகை ரேவதியின் ‘மித்ர் மை ஃபிரண்ட்’ போலத் தமிழ்த் திரையுலகினர் ஆங்கிலத்தில் எடுத்த படம் சேருமா என்பதையெல்லாம் உட்கார்ந்த உடனேயே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் விதியை மாற்றினால் அன்றைக்கு டீ செலவுதான் மிச்சம்.

பட்டிமன்றப் பழக்கம்

மதுரை பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர். சாலமன் பாப்பையா இங்கே அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அந்த நடையும் நகைச்சுவையும் ஊரின் காதில் ஊறிப்போயிருக்கின்றன. அது ஒரு சொத்து. ஆனால் படங்களை வரிசைப்படுத்தும் இடத்துக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. பட்டிமன்றத்தில் இரண்டு அணி வேண்டும். எனவே பேச்சு ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே, யாரும் கேட்காமலே, ‘பெண் இயக்குநர்கள் ஆண் இயக்குநர்களுக்கு ஈடாவார்களா’ என்று தலைப்பு மாறிவிடுகிறது. சுதா கொங்கராவின் படம் உயர்ந்ததா, ஹலிதா ஷமீமின் படம் உயர்ந்ததா என்று பேச வந்தவர்கள், இருவரையும் ஒரே அணியில் உட்கார வைத்துவிட்டு எதிரே மணிரத்னத்தையும் பாலுமகேந்திராவையும் நிறுத்திவிடுகிறார்கள்.

உண்மையில் சுதாவின் படங்களுக்கும் ஹலிதாவின் படங்களுக்கும் இடையிலான தூரம், எந்த இரண்டு ஆண் இயக்குநர்களுக்கும் இடையிலான தூரத்துக்குக் குறைந்ததல்ல. சுதாவின் ‘இறுதிச்சுற்று’ மோதிக்கொண்டே முன்னேறும் படம். பேசுவதும் சண்டை, சிரிப்பதும் சண்டை. ஹலிதாவின் ‘சில்லுக் கருப்பட்டி’யில் நான்கு கதைகளிலும் குரல் உயர்வது அபூர்வம். லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ இந்த இரண்டோடும் சேராது. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு பெண் தெய்வமாகும் கதையை அது ஆறுதல் இல்லாமல் சொல்கிறது. ‘பெண்ணின் பார்வை’, ‘மென்மை’, ‘தாய்மை’ என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே பாராட்டுரை வாசிப்பவர், மூன்றில் ஒன்றையாவது பார்க்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே அணி மனப்பான்மைதான் ஒருவரின் தோல்வியை எல்லோர் கணக்கிலும் எழுத வைக்கிறது. 2010-இல் வந்த ‘துரோகி’ எடுபடவில்லை. அதன் பிறகு சுதா கொங்கராவின் அடுத்த தமிழ்ப் படம் வர 2016 ஆயிற்று. முதல் படம் சறுக்கிய ஆண்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் பெரியார் பஸ் நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை சொல்லிக்கொண்டே போகலாம். அதை வைத்து ‘ஆண்களுக்கு இது வராது’ என்று எவரும் தீர்ப்பு எழுதியதில்லை.

நம்மூர்ப் படம்

சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ மதுரைப் பக்கத்துப் பட்டியல்களில் ஏறக்குறைய எப்போதும் முதலிடத்தில் இருக்கும். காரணம் கேட்டால், “ஹீரோ நெடுமாறன் சோழவந்தான்காரன் அண்ணே” என்று பதில் வரும். வைகைக் கரை, வெற்றிலைக்கொடிக்கால், ரயில் நிற்காத ஸ்டேஷன், நிறுத்தக் கேட்டு மனு மனுவாக எழுதும் வாத்தியார் அப்பா எல்லாம் நமக்குத் தெரிந்த உலகம். ஆனால் படத்துக்கு மூலமான, மலிவுக் கட்டண விமான நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் சொந்த ஊர் கர்நாடகத்தில் ஹாசன் பக்கமுள்ள கொரூர். சோழவந்தானைத் தேர்ந்தெடுத்தது இயக்குநரும் எழுத்தாளர்களும் எடுத்த முடிவு. அந்த முடிவு படத்துக்கு என்ன செய்தது என்று பேசினால் அது விமர்சனம். ஊர்ப் பெயர் வந்ததற்கே பத்துக்குப் பத்து போட்டால் அது மொய் எழுதுவது.

எப்படிப் பேசலாம் என்பதற்கு இதே படத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அப்பா சாகக் கிடக்கிறார். விமானத்தில் சாதாரண வகுப்பு டிக்கெட் இல்லை. உயர்வகுப்புக்குக் கையில் இருக்கும் காசு போதவில்லை. முறுக்கான மனிதன் விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி இது, எல்லோரும் சூர்யாவின் நடிப்பைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது பின்னால் வரும் இன்னொரு காட்சி: அடுமனை நடத்தும் மனைவி பொம்மியிடம் அவன் பணம் கேட்கத் தயங்கும் இடம். ஊரார் முன்னால் கையேந்திய அதே மனிதனுக்கு வீட்டில் நாக்கு எழவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இயக்குநர் அந்த ஆளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது. முதலிடம் கேட்பவர் இப்படி ஏதாவது ஒரு காட்சியைச் சொல்லிக் கேட்கட்டும். ஒரு காட்சியும் சொல்ல வராத படத்துக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று ஒரு விதி வைத்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

ஊர்ப்பற்று என்றே வைத்துக்கொண்டாலும் அதை நாம் ஒழுங்காகச் செய்வதில்லை. திவ்யபாரதி மதுரையில் இருந்து இயங்கியவர். மலக்குழி மரணங்களையும் கையால் மலம் அள்ளும் கொடுமையையும் பதிவு செய்த அவருடைய ‘கக்கூஸ்’ 2017-இல் வந்தது. திரையிட அனுமதி கிடைக்காத இடங்கள் உண்டு; யூடியூபில் வெளியாகி ஏராளமானோர் பார்த்தார்கள். அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் “அது ஆவணப்படம்தானே” என்கிறார்கள். புதுக்கோட்டை முஸ்லிம் பெண்களின் ஜமாத்தைப் பற்றித் தீபா தன்ராஜ் எடுத்த படத்துக்கும் இதே பதில்தான். ஆவணப்படம் வேண்டாம் என்பது ஒரு விதியாக முன்பே எழுதப்பட்டிருந்தால் சரி. பெயர் வந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் விதி, விதி அல்ல.

மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’க்கு நேர்வது வேறு வகை. தலைக்கூத்தல் நம் தென்மாவட்டங்களின் வழக்கம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பி வைப்பது. நினைவில்லாமல் கிடந்த கிழவர் கண் விழித்து, பிள்ளைகள் தமக்கு நாள் குறிப்பதைக் கேட்டுவிட்டு ஓடிப்போவதில் படம் தொடங்குகிறது. கருப்புதுரையாக நடித்த மு.ராமசாமி, மதுரையில் நிஜநாடக இயக்கத்தைத் தொடங்கியவர். நம்மூர்ப் படம் என்று தூக்கிவைக்க இத்தனை இருந்தும், இது ஐந்தாம் ஆறாம் இடத்திலேயே நிற்கிறது. பெருமைப்பட வசதியான ஊர்தான் நமக்கு வேண்டியிருக்கிறது போலும்.

யார் மகள், யார் மனைவி

இதை நீட்ட விருப்பமில்லை. ‘இந்திரா’ என்றதும் “அது மணிரத்னம் எழுதியதாயிற்றே” என்று ஒரு குரல் வரும். எழுத்தில் அவர் பங்கு உண்டு, இயக்கியவர் சுஹாசினி. இன்னொருவர் எழுதிக் கொடுத்த கதையை ஆண்கள் இயக்கிய படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன, அங்கே இந்தக் கேள்வி எழுவதில்லை. ஐஸ்வர்யா ரஜினிகாந்தின் ‘3’ பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் பாதி ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அப்பா பெயரை இழுக்க வேண்டாம். செல்வராகவனின் படத்தை எடைபோடும்போது அவர் அப்பா கஸ்தூரிராஜாவை யாரும் தராசில் ஏற்றுவதில்லை.

நேற்று தொடங்கியது போல

இருபது வயதுக்காரர்களின் பட்டியல் 2016-இல் தொடங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்க்கக் கிடைப்பது அதுதான். ஆனால் ‘இப்போதுதான் பெண்கள் வருகிறார்கள்’ என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி, 1936-இலேயே தம் நாவலை ‘மிஸ் கமலா’ என்று படமாக இயக்கினார். பானுமதி 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எடுத்தார். சாவித்திரிக்குக் ‘குழந்தை உள்ளம்’, ‘பிராப்தம்’. லட்சுமிக்கு 1980-இல் ‘மழலைப் பட்டாளம்’. ஸ்ரீப்ரியாவுக்கு 1984-இல் ‘சாந்தி முகூர்த்தம்’. சிவசங்கரியின் கதையை ஜானகி விஸ்வநாதன் ‘குட்டி’ என்று எடுத்தது 2001-இல். ப்ரியாவின் ‘கண்ட நாள் முதல்’ 2005.

பெரியவர்கள் செய்யும் தவறு இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. வரலாற்று மரியாதைக்காக ‘மிஸ் கமலா’வுக்கு மூன்றாம் இடம் கொடுப்பார்கள். இன்று பிரதி கிடைக்காத படம் அது. பார்க்காத படத்துக்கு இடம் கொடுப்பது ராஜலட்சுமிக்கு மரியாதை ஆகாது. அவரைப் பட்டியலின் முன்னுரையில் எழுதுங்கள், எண் போடாதீர்கள். சாவித்திரி பெயர் வந்தால் பேச்சு உடனே அவருடைய கடனுக்கும் கண்ணீருக்கும் போய்விடுகிறது. ‘பிராப்தம்’ படமாக எப்படி இருக்கிறது என்று பேசிய கூட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஓட்டமும் விருதும்

எத்தனை நாள் ஓடியது என்பது மதுரையின் பழைய அளவுகோல். இப்போது இல்லாத தங்கம் தியேட்டரில் நூறு நாள் என்றால் மேல்முறையீடே கிடையாது. ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரில் நேராக இணையத்தில் வந்தது, அப்போது தியேட்டரில் ஓடவில்லை. ஆகவே வசூல் பேசும் அண்ணன்மார் இந்தப் படத்துக்கு வரும்போது மட்டும் தேசிய விருதுக்குத் தாவுகிறார்கள். விருது உண்மைதான்: சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என ஐந்து. அளவுகோல் எதுவானாலும் எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

கணக்கில் விழும் ஓட்டை

பேசி முடித்து மதிப்பெண் போடும் இடத்தில்தான் பெரும்பாலான பட்டியல்கள் கெட்டுப்போகின்றன. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘சூரரைப் போற்று’ படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு எட்டு போட்டால் கூட்டுத்தொகை 96. ‘மாடத்தி’யை மூன்று பேர்தான் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்பது, மொத்தம் 27. கூட்டிப் பார்த்தால் முதல் படம் வெகு தூரம் முன்னே. சராசரி எடுத்தால் இரண்டாவது படம் மேலே. முதல் கணக்கு எதை நிறையப் பேர் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவது கணக்கில் தேடிப் போய்ப் பார்த்த மூன்று பேரின் ஆர்வம் படத்தின் தரமாக மாறிவிடுகிறது. பார்க்காதவர்களுக்குச் சுழியம் போடும் கூட்டங்களும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் மட்டும் அந்த இரண்டுக்குள் எது மேல் என்று சொல்லட்டும். மூவரில் இருவர் ‘மாடத்தி’ என்றால் ‘2–1’ என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். படிப்பவர் எடை போட்டுக்கொள்வார். பாதிப் பேர்கூடப் பார்க்காத படங்களைத் தனியாக எழுதி, அடுத்த கூட்டங்களில் ஒவ்வொன்றாகத் திரையிடலாம்.

இன்னும் எளிய வழி, பிரிட்டிஷ் சினிமா இதழான ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்து ஆண்டுக்கு ஒருமுறை செய்வது. ஒவ்வொருவரும் பத்துப் படம் சொல்ல வேண்டும்; வரிசை வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓட்டு. 2022-இல் 1,600-க்கு மேற்பட்டோர் அப்படிப் போட்டதில் ஷந்தால் அக்கர்மான் 1975-இல் எடுத்த ‘ழான் டீல்மன்’ முதலிடம் பெற்றது. அந்த இடத்துக்குப் பெண் இயக்கிய படம் வந்தது அதுவே முதல் தடவை. 201 நிமிடப் படம். ஒரு விதவைத் தாய் சமைப்பதையும் உருளைக்கிழங்கு உரிப்பதையும் அவசரமில்லாமல் காட்டும். அப்போது இங்கே இரண்டு வகை எதிர்வினை: “ஏதோ சூழ்ச்சி” என்றவர்கள், “உலகின் தலைசிறந்த படம்” என்று மறுநாளே பேசத் தொடங்கியவர்கள். இரு சாராரிலும் படத்தைக் கடைசிவரை பார்த்தவர்கள் சொற்பம். உலகப் பட்டியலைத் தமிழ்ப் பட்டியலோடு கலந்தால் இந்த மாதிரி மிரட்டலுக்குத்தான் வழி. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

ஓட்டுச் சீட்டைப் பேச்சு தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுவது நல்லது. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ‘இதுதான் முதலிடம்’ என்று சொல்லிவிட்டால் தம்பிகள் அவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்குவார்கள். நம் ஊர் மரியாதை அப்படி. பேசி முடித்ததும் இரண்டாம் சீட்டு வாங்கலாம். முதல் சீட்டுக்கும் இரண்டாம் சீட்டுக்கும் இடையில் எந்தப் படம் ஏறியது, எது இறங்கியது, எந்தக் காட்சியைச் சொன்னபோது ஏறியது என்பதையும் பட்டியலோடு சேர்த்து எழுதுங்கள். சமமாக வந்தால் இரண்டையும் ஒரே எண்ணில் வைத்து அடுத்த எண்ணைத் தாண்டிவிடலாம். காசு சுண்ட வேண்டாம், நடுவரும் வேண்டாம்; எழுதிவைக்க ஓர் ஆள் போதும், அவருடைய சீட்டு முதலில் வரட்டும்.